இரவில் கிடைக்கும் ஒரு மணி நேரத்துக்கு எந்தத் தொடர்?

"2025இன் முதல் பாதியில் வந்த ஆங்கிலத் தொடர்களில் பார்க்கத் தகுந்தவை எவை? புதிதாக வந்தது எது, அடுத்த சீசனோடு திரும்பி வந்தது எது? சமையலறை வேலை முடிந்து இரவில் ஒரு மணி நேரம்தான் எனக்குக் கிடைக்கிறது. எட்டாம் வகுப்பு படிக்கும் மகனும் வீட்டில் இருக்கிறான்" என்று கேட்டிருந்தீர்கள்.

அந்த ஒரு மணி நேரத்திலிருந்தே தொடங்குகிறேன். நாள் முழுக்க மற்றவர்களுக்காக ஓடியபின் உங்களுக்கென்று மிஞ்சுவது அவ்வளவுதான். அதை ஒரு தொடரிடம் கொடுக்கும்போது, வாங்கிக்கொண்டவர்கள் அதற்கு நியாயம் செய்ய வேண்டும். ஓடிடி வந்த பிறகு பலர் இதை மறந்துவிட்டார்கள். இரண்டு மணி நேரப் படத்துக்குப் போதுமான கதையை எட்டு எபிசோடுகளுக்கு இழுப்பார்கள். நடுவில் நான்கு எபிசோடுகளில் யாராவது காரில் போய்க்கொண்டே இருப்பார்கள். கடைசி இரண்டு நிமிடத்தில் ஒரு முடிச்சைப் போட்டு அடுத்ததற்கு இழுப்பார்கள். இந்தப் பருவத்தின் நல்ல தொடர்கள் அப்படி இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் என்ன அடங்கும், எது அடங்காது என்று உட்கார்ந்து யோசித்தவர்கள் எடுத்தவை அவை. என் பட்டியலில் முதல் நான்கு இடத்தைப் பிடித்தவை எல்லாமே, காலத்தை எப்படிக் கையாள்வது என்று முதலில் முடிவு செய்துவிட்டுப் பிறகு கதையைத் தொட்டவை.

முதலில் 'தி பிட்'. புதிய தொடர். அமெரிக்காவில் மேக்ஸ் தளத்தில் ஜனவரி 9 அன்று தொடங்கி ஏப்ரல் 10 வரை, பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்றாக 15 எபிசோடுகள் வந்தன. பிட்ஸ்பர்க் நகரின் ஒரு மருத்துவமனை, அதன் அவசர சிகிச்சைப் பிரிவு, ஒரே ஒரு நாள். காலை 7 மணிக்குப் பணி தொடங்குகிறது. ஒவ்வொரு எபிசோடும் அந்த நாளின் ஒரு மணி நேரம். 12 மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய பணி ஏன் 15 மணி நேரமாக நீள்கிறது என்பதை நான் சொல்லப்போவதில்லை; நீங்களே பார்க்க வேண்டியது அது.

தலைமை மருத்துவர் ராபியாக நடிப்பவர் நோவா வைலி. 1994இல் தொடங்கிய 'ஈ.ஆர்.' தொடரில் மீசை முளைக்காத மருத்துவ மாணவராக வந்தவர் அவர். அந்தத் தொடரில் பணியாற்றிய ஜான் வெல்ஸும் ஸ்காட் கெம்மிலும்தான் இதன் பின்னாலும் இருக்கிறார்கள். இளமையில் ஓடி ஓடிக் கற்றுக்கொண்ட முகம், இப்போது தாடியும் களைப்புமாக, கற்றுக்கொடுக்கும் இடத்தில் நிற்கிறது. பழைய தொடரைப் பார்க்காதவர்களுக்கும் அந்தக் களைப்பு புரியும். கொரோனா காலத்தில் தன் குருவை இழந்தவர் ராபி. நாம் பார்க்கும் நாள் அந்தக் குருவின் நினைவு நாள். அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் ஒவ்வொரு மணி நேரமும் அது அவர் தோளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது.

மணிக்கணக்கில் கதை சொல்வதால் கிடைக்கும் பலனுக்கு ஓர் உதாரணம். தொடக்கத்திலேயே ஒருவர் நெஞ்சுவலி என்று வருகிறார். முதல் பரிசோதனை முடிந்ததும் காத்திருப்போர் அறையில் உட்கார வைக்கிறார்கள். சாதாரணத் தொடரில் அவரை நாம் மறந்துவிடுவோம், அல்லது அடுத்த காட்சியில் படுக்கை கிடைத்துவிடும். இங்கே பல எபிசோடுகள் கழித்துக் கதவு திறக்கும்போதும் அவர் அதே நாற்காலியில் இருக்கிறார். அவருடைய பொறுமை கரைவதை நாம் மணிக்கணக்கில் பார்க்கிறோம். உள்ளே மருத்துவர்கள் ஒரு நொடி வீணாக்காமல் ஓடுவதையும் பார்த்திருக்கிறோம். அதனால் யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் தவிக்கிறோம். என் அப்பாவை ஒரு நள்ளிரவில் மருத்துவமனைக்குக் கொண்டுபோய், "இதோ வந்துவிடுவார்கள்" என்ற ஒரே பதிலோடு விடியும் வரை வெளியே உட்கார்ந்திருந்தவன் நான். அந்த இரவில் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்திருக்கும் என்பதை எனக்கு முதன்முதலாகக் காட்டியது இந்தத் தொடர்தான்.

சமிரா மோகன் என்ற இளம் மருத்துவர் வருகிறார்; சுப்ரியா கணேஷ் நடித்திருக்கிறார். நோயாளிகளோடு அதிக நேரம் செலவிடுகிறார் என்பதால் 'ஸ்லோ-மோ' என்று அவருக்குப் பட்டப்பெயர். வலி தாங்காமல் கத்தும் ஒரு பெண்ணைக் கட்டிவைத்துக் கொண்டுவருகிறார்கள். போதைக்கு அடிமையானவர் என்பது கொண்டுவந்தவர்களின் முடிவு. மோகன் நின்று, பார்த்து, கேட்கிறார். அது அரிவாள் செல் சோகை நோயின் வலி என்று தெரிந்துகொள்கிறார். கட்டுகளை அவிழ்க்கச் சொல்கிறார். வேகமாகப் பார் என்று ராபி அவரை விரட்டுவதிலும் நியாயம் உண்டு, ஏனென்றால் வெளியே இன்னும் எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள். இரண்டு நியாயங்களும் 15 மணி நேரமும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டே இருக்கின்றன.

இன்னொரு காட்சியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வயதான ஒரு தந்தை. செயற்கைச் சுவாசம் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்கிறார். மகனாலும் மகளாலும் அதை ஏற்க முடியவில்லை. குழாயைப் பொருத்தச் சொல்கிறார்கள். சில மணி நேரம் கழித்துத் தாங்கள் செய்தது என்னவென்று அவர்களுக்கே புரிகிறது. ராபி அவர்களுக்கு ஹவாய் மக்களின் ஒரு வழக்கத்தைச் சொல்கிறார். குரு வழியாக வந்தது. நான்கே வாக்கியங்கள்: உங்கள் மேல் எனக்கு அன்பு உண்டு, நன்றி, உங்களை மன்னிக்கிறேன், என்னை மன்னித்துவிடுங்கள். நம் வீடுகளில் கடைசி நேரத்தில் வாயில் இரண்டு சொட்டுப் பால் ஊற்றுவோம். இந்த நான்கையும் வாய்விட்டுச் சொல்வது நமக்குப் பழக்கமில்லை. பின்னணி இசை ஏறக்குறைய இல்லாத தொடர் இது. கருவிகளின் சத்தமும் மனிதக் குரல்களும் மட்டும்தான். அந்த அறையில் அந்த நான்கு வாக்கியங்கள் எப்படி ஒலிக்கின்றன என்பதற்காகவே நான் அந்த எபிசோடை இரண்டாம் முறை பார்த்தேன்.

ஓர் எச்சரிக்கை: காயங்களையும் அறுவையையும் மறைக்காமல் காட்டுகிறார்கள். பிரசவம் ஒன்றும் உண்டு. இரத்தம் கண்டால் மயங்குபவர் என்றால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டிய நிமிடங்கள் இருக்கின்றன.

அடுத்தது 'அடலசன்ஸ்'. இங்கிலாந்தில் நடக்கும் கதை, நெட்ஃபிளிக்ஸில் மார்ச் 13 அன்று வந்தது. நான்கே எபிசோடுகள். எட்டாம் வகுப்பு மகன் இருப்பதாகச் சொன்னதால் இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும்.

அதிகாலையில் காவல்துறையினர் ஒரு வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே நுழைகிறார்கள். மாடியில் தூங்கிக்கொண்டிருக்கும் 13 வயதுச் சிறுவன் ஜேமியைக் கைது செய்கிறார்கள். உடன் படித்த மாணவியைக் கத்தியால் குத்திக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. பயத்தில் சிறுவன் படுக்கையிலேயே சிறுநீர் கழித்துவிடுகிறான். யார் செய்தது என்ற கேள்விக்கு முதல் எபிசோடிலேயே விடை வந்துவிடுகிறது. மீதி மூன்றும் ஏன் என்ற கேள்வியின் பின்னால் போகின்றன.

ஒவ்வொரு எபிசோடும் ஒரே ஷாட்டில் எடுக்கப்பட்டது. இடையில் வெட்டு கிடையாது. இயக்குநர் பிலிப் பரான்டினி, ஒளிப்பதிவாளர் மேத்யூ லூயிஸ். கேமரா ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறுகிறது, வண்டியில் ஏறுகிறது, இரண்டாம் எபிசோடின் முடிவில் டிரோனில் பொருத்தப்பட்டுப் பள்ளிக்கூடத்துக்கு மேலே பறந்து, கொலை நடந்த இடத்தில் பூங்கொத்தோடு நிற்கும் தந்தையின் முகத்தில் போய் இறங்குகிறது. பல நாள் ஒத்திகைக்குப் பிறகு முழு எபிசோடையும் தொடக்கம் முதல் முடிவு வரை மறுபடி மறுபடி எடுத்து, அதில் சிறந்ததைத் தேர்ந்தெடுத்தார்கள். இதை வித்தை என்று சிலர் ஒதுக்குகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வெட்டு என்பது பார்வையாளனுக்குக் கிடைக்கும் மூச்சு. தாங்க முடியாத இடத்தில் காட்சி மாறிவிடும் என்ற நம்பிக்கையில்தான் நாம் எதையும் பார்க்கிறோம். இங்கே அந்தக் கதவை மூடிவிட்டார்கள். அந்தக் குடும்பத்துக்கும் அப்படித்தானே இருந்திருக்கும்?

மூன்றாம் எபிசோடில் ஓர் அறை, ஒரு மேசை, இரண்டு பேர். கைதாகிச் சில மாதங்கள் ஆகிவிட்டன. மனநல நிபுணராக எரின் டோஹர்ட்டி, சிறுவனாக ஓவன் கூப்பர். அவர் சாண்ட்விச்சும் ஹாட் சாக்லேட்டும் கொண்டுவந்து கொடுக்கிறார். இருவரும் சிரித்துப் பேசுகிறார்கள். பிறகு ஒரு கேள்வி, இன்னொரு கேள்வி. சிறுவனின் முகம் மாறுகிறது. அவன் எழுந்து நிற்கும்போது, உட்கார்ந்திருக்கும் பெரியவர் அவனை நிமிர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த ஒரு கோணத்தில் எனக்கு வயிறு சில்லிட்டது. ஓரிடத்தில் சிறுவன் கொட்டாவி விடுகிறான், "உனக்குச் சலிப்பாக இருக்கிறதா?" என்று அவர் கேட்கிறார். அந்தக் கொட்டாவி எழுத்தில் இல்லாதது, படப்பிடிப்பில் தானாக வந்தது. ஓவன் கூப்பர் அதற்கு முன் கேமரா முன்னால் நின்றதே இல்லை. நான்கில் முதலில் படமாக்கப்பட்டதும் இந்த எபிசோடுதான். தெரிந்துகொண்டு மறுபடி பாருங்கள், நம்பவே முடியாது.

தந்தையாக நடித்திருக்கும் ஸ்டீஃபன் கிரஹாம்தான் ஜாக் தோர்னோடு சேர்ந்து இதை எழுதியவர். சிறுவர்கள் சிறுமிகளைக் கத்தியால் குத்திய செய்திகளை அடுத்தடுத்துப் படித்தபோது எழுந்த கேள்வியிலிருந்து பிறந்தது என்று சொல்லியிருக்கிறார். அந்தக் குடும்பத்தில் அடிக்கும் அப்பாவோ குடிகார அம்மாவோ இல்லை. பையன் வீட்டில், தன் அறையில், கணினி முன்னால்தான் இருந்தான். பாதுகாப்பாக இருக்கிறான் என்றே நினைத்தார்கள். பிரிட்டனில் இதை உயர்நிலைப் பள்ளிகளில் இலவசமாகத் திரையிட ஏற்பாடு செய்தார்கள், பிரதமரே அதை ஆதரித்துப் பேசினார். மாணவர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பும் இமோஜிகளின் பொருளைத் துப்பறியும் அதிகாரிக்கு அவருடைய மகனே விளக்கும் காட்சி ஒன்று இரண்டாம் எபிசோடில் வருகிறது. பெற்றோர் எல்லோரும் பார்க்க வேண்டிய ஐந்து நிமிடம்.

இனி, திரும்பி வந்தவை.

'செவரன்ஸ்' முதல் சீசன் 2022 பிப்ரவரியில் ஆப்பிள் டிவி பிளஸில் வந்தது. இரண்டாவது சீசன் வர ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆயின. நடுவில் ஹாலிவுட் எழுத்தாளர்களும் நடிகர்களும் நடத்திய 2023 வேலைநிறுத்தமும் வந்து போனது. 2025 ஜனவரி 17 முதல் மார்ச் வரை பத்து எபிசோடுகள். லூமன் என்ற நிறுவனத்தில் சேருபவர்களின் மூளையில் ஒரு சில்லைப் பொருத்துகிறார்கள். அலுவலகத்துக்குள் இருக்கும்போது வீட்டு நினைவு கிடையாது. வெளியே வந்தால் அலுவலக நினைவு கிடையாது. இதன் கொடுமை மெதுவாகத்தான் உறைக்கும். உள்ளே இருப்பவனுக்குத் தூக்கம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை இல்லை. மாலையில் லிஃப்ட் கதவு மூடுகிறது. அவன் கணக்கில் அடுத்த நொடியே அது திறக்கிறது, மறுநாள் காலை. அவன் வாழ்நாள் முழுவதும் வேலை நேரம் மட்டும்தான்.

இரண்டாம் சீசன் முதல் சீசனைவிடத் தாறுமாறானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நடுவில் இரண்டு எபிசோடுகள் தடுமாறுகின்றன. ஆனால் ஏழாவது எபிசோடு தனியாக நிற்கும் ஓர் அருமையான படம். தொடரின் ஒளிப்பதிவாளர் ஜெசிகா லீ கானியே இயக்கிய முதல் எபிசோடு அது. இறுதி எபிசோடில், கதையின் நாயகன் மார்க்கின் ஒரே உடலில் வாழும் இரண்டு மார்க்குகளும் ஒரு சிறிய வீடியோ கேமராவில் மாறி மாறிப் பதிவு செய்து, ஒருவரோடு ஒருவர் முதன்முதலாகப் பேசுகிறார்கள். வெளியே இருப்பவன் கனிவாகத்தான் பேசுகிறான். ஆனால் உள்ளே இருப்பவன் உயிராக நேசிக்கும் ஹெல்லியின் பெயரை 'ஹெலனி' என்று தவறாகச் சொல்லிவிடுகிறான். அந்த ஒரு சொல்லில் உள்ளே இருப்பவன் முகம் மாறுகிறது. எனக்கு நீ யார் என்று அவன் கேட்காமல் கேட்கிறான். மார்க்காக நடிக்கும் ஆடம் ஸ்காட் இரண்டு பேரையும் உடை மாற்றாமல், தோள்பட்டையை வைத்தே வேறுபடுத்திக் காட்டுகிறார். முதல் சீசனைப் பார்க்காமல் இதற்குள் நுழைய முடியாது. ஒன்பது எபிசோடுகள்தான், முடித்துவிட்டு வாருங்கள்.

'ஆண்டோர்' பெயரைச் சொன்னதும் "விண்வெளிச் சண்டை எனக்கு ஒத்துவராது" என்பீர்கள். 'ஸ்டார் வார்ஸ்' உலகத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் ஒளிவாள் சுழற்றும் வீரர்கள் யாரும் இதில் இல்லை. ஒரு பேரரசு எப்படி மனிதர்களை நசுக்குகிறது, சாதாரண மனிதர்கள் எந்த நாளில் எதிர்க்கத் தொடங்குகிறார்கள் என்பதே கதை. இரண்டாம் சீசன் ஏப்ரல் 22 முதல் மே 13 வரை, வாரத்துக்கு மூன்று எபிசோடுகளாக 12 வந்தன. தொடரை உருவாக்கிய டோனி கில்ராய் முதலில் ஐந்து சீசன்களாகத் திட்டமிட்டார். அது நடக்காது என்று தெரிந்ததும், மீதி நான்கு ஆண்டுக் கதையை ஒரே சீசனுக்குள் கொண்டுவந்தார். மூன்று எபிசோடுகள் ஓர் ஆண்டு, பிறகு ஒரு தாவல். இடைப்பட்ட மாதங்களில் என்ன நடந்தது என்பதை, முகத்தில் கூடியிருக்கும் சுருக்கத்தையும் இல்லாமல் போன ஆட்களையும் பார்த்து நாம்தான் ஊகிக்க வேண்டும்.

இந்தச் சீசனில் ஒரு மலை உச்சி மாளிகையில் அதிகாரிகள் கூடுகிறார்கள். பட்டு நெசவுக்குப் பேர்போன கோர்மன் என்ற கிரகத்தின் அடியில் பேரரசுக்கு வேண்டிய கனிமம் இருக்கிறது. அதைத் தோண்டினால் அங்கே மக்கள் வாழ முடியாது. மக்களை என்ன செய்வது என்று விருந்துக்கு நடுவே பேசுகிறார்கள். அந்த மக்களைத் திமிர் பிடித்தவர்களாக மற்றவர்கள் கண்ணில் காட்டுவது எப்படி என்று பிரச்சாரத் துறையினர் இருவர் உற்சாகமாக விளக்குகிறார்கள். 1942 ஜனவரியில் பெர்லினுக்கு அருகே வான்சீ மாளிகையில் நாஜி அதிகாரிகள் நடத்திய கூட்டத்தை மனத்தில் வைத்து எழுதியது என்று கில்ராயே சொல்லியிருக்கிறார். அந்தக் கூட்டத்தின் விளைவு எட்டாம் எபிசோடில் ஒரு நகரச் சதுக்கத்தில் நடக்கிறது. மக்கள் தங்கள் மொழியில் தங்கள் கீதத்தைப் பாடுகிறார்கள். வழிகள் அடைபடுகின்றன. ஜாலியன்வாலா பாகைப் பாடப்புத்தகத்தில் படித்து வளர்ந்த நமக்கு அடுத்து என்ன என்று தெரியும். தெரிந்தும் பாட்டு நிற்கக் கூடாதே என்று மனம் அடித்துக்கொள்கிறது. ஒன்பதாவதில் மான் மோத்மா என்ற செனட்டர் எழுந்து, எல்லோரும் சொல்லத் தயங்கும் சொல்லைச் சொல்கிறார். ஜெனிவீவ் ஓ'ரெய்லி அந்தப் பாத்திரத்தை 2005இலிருந்தே சுமந்து வருபவர். இத்தனை ஆண்டுக் காத்திருப்பும் அந்தக் குரலில் கேட்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'பாரடைஸ்' புதியது, ஸ்டெர்லிங் கே. பிரவுன் ஓர் அதிபரின் மெய்க்காவலர். முதல் எபிசோடின் முடிவை யாரும் உங்களிடம் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுமாராக நகர்ந்து, ஏழாவது எபிசோடில் உலுக்கி எடுக்கும். 'தி ஒயிட் லோட்டஸ்' மூன்றாம் சீசன் தாய்லாந்தில் நடக்கிறது. எட்டில் ஐந்து எபிசோடுகள் அழகான கடற்கரையைக் காட்டியே ஓட்டிவிட்டார்கள். கடைசி எபிசோடில் கேரி கூன், இரண்டு பழைய தோழிகளுக்கு எதிரே உட்கார்ந்து, தன் வாழ்க்கைக்குப் பொருள் தருவது கடந்துபோன காலம்தான் என்று கண் கலங்கப் பேசும் சில நிமிடங்களுக்காக அதை மன்னித்தேன். 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் சீசன் ஏழே எபிசோடுகள். கதை பாதியில் நிற்கிறது. அடுத்த சீசன் வந்தபின் சேர்த்துப் பார்ப்பதே நல்லது.

ஆங்கிலம் என்றுதான் கேட்டீர்கள். ஆனாலும் தமிழில் இதே பருவத்தில் திரும்பி வந்த ஒன்றை விடக் கூடாது. புஷ்கர் - காயத்ரியின் 'சுழல்' இரண்டாம் சீசன் பிப்ரவரி 28 அன்று பிரைம் வீடியோவில் வந்தது. ஒரு வழக்கறிஞர் கொல்லப்படுகிறார். எட்டு இளம்பெண்கள் தனித்தனியாக வந்து நான்தான் கொன்றேன் என்கிறார்கள். கதிரும் ஐஸ்வர்யா ராஜேஷும் தொடர்கிறார்கள். மயானக் கொள்ளைத் திருவிழாவைக் கதையோடு பின்னிய முதல் சீசனின் இறுக்கம் இதில் இல்லை. ஆனால் அந்த எட்டுப் பெண்களும் ஒரே சிறை அறையில் இருக்கும் காட்சிகளில் நம் ஊர் முகங்கள், நம் ஊர்க் கோபம்.

எந்த வரிசையில் பார்ப்பது? 'தி பிட்' தொடங்குங்கள், இரவுக்கு ஒன்று. இரண்டாவதையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றும். வேண்டாம், தூக்கம் போய்விடும். 15 இரவுகள் ஆகும். 'ஆண்டோர்' பார்ப்பதானால் மும்மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு மூன்றுக்கும் இடையில் ஓரிரு நாள் இடைவெளி விடுங்கள். முதல் சீசன் மூன்று எபிசோடுகள் வரை மெதுவாகத்தான் நகரும், பொறுத்துக்கொள்ளுங்கள். 'செவரன்ஸ்' களைப்பாக இருக்கும் இரவில் வேண்டாம், ஒரு வசனத்தைத் தவறவிட்டாலும் பின்னால் திணறுவீர்கள். ஆங்கில வசனங்களுக்கு ஆங்கிலச் சப்டைட்டிலையே போட்டுக்கொள்ளுங்கள்; பிட்ஸ்பர்க் மருத்துவர்களின் வேகமும் வடக்கு இங்கிலாந்தின் உச்சரிப்பும் நம் காதுக்குச் சிரமம்தான்.

'அடலசன்ஸ்' மட்டும் தனி. நான்கையும் முதலில் நீங்களும் உங்கள் கணவரும் பாருங்கள், மகன் தூங்கியபின். கடைசி எபிசோடு தந்தையின் 50ஆவது பிறந்தநாள். குற்றம் நடந்து ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அம்மாவும் அப்பாவும் கட்டிலில் உட்கார்ந்து, நாம் எங்கே தவறினோம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். அது முடிந்த இரவில் இருவரும் கொஞ்ச நேரம் பேசிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து, மகனுக்கு இரண்டாவது எபிசோடை, அந்தப் பள்ளிக்கூடத்தில் நடப்பதை மட்டும் முதலில் போட்டுக் காட்டலாம். நான் என் மகளோடு அப்படித்தான் பார்த்தேன், அவளுக்கு 14. பாதியில் ரிமோட்டை வாங்கி நிறுத்தினாள். "அந்த இமோஜி அதிகாரிக்குத் தெரியாதது சரி, உங்களுக்கும் தெரியாதா அப்பா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அன்றைக்கு மீதி எபிசோடை நாங்கள் பார்க்கவில்லை. அவள் தன் போனை எடுத்து, தன் வகுப்பில் எதற்கு என்ன பொருள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள்.